கண்ணாடியில் எழுதிய பெயர்கள்

என் அத்தான் கனகலிங்கத்தின் பெட்டி தகனசாலையில் இன்னும் உள்ளே போகவில்லை. அதற்குள் எங்கள் சங்கத் தலைவர் செல்வரத்தினம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இருண்ட கண்டத்துக்கு ஒளி கொடுத்த பெருமகன்” என்று தொடங்கிவிட்டார். தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதம் அது. அத்தானின் மனைவியான என் அக்கா பாலாம்பிகை கையைப் பிடித்து அமர்த்தியிருக்காவிட்டால் அந்த மைக்கை அவருடைய வாயிலேயே திணித்திருப்பேன். வெளியே வந்தால், “செல்வரத்தினம் நல்லாப் பேசினவர், என்ன?” என்று என்னிடமே கேட்கிறார்கள். கொதி வராமல் என்ன செய்யும்?

ஆகவே நான் எழுதுகிறேன். என் பெயர் சிவகௌரி. லண்டனில், ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். வாய் நீளம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள், அது பொய்யில்லை.

அத்தான் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற இன்ஜினியர். இலங்கையில் மலைநாட்டு மின்நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். எழுபத்தேழுக் கலவரத்தோடு வெளிக்கிட்டு, ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அணை கட்டப் போனார். எந்த நாடு என்று எழுதமாட்டேன். எழுதினால், “ஓ, அங்கையோ? நான் அங்கை கணக்குப் படிப்பிச்சனான்” என்று எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கதையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அணை கட்ட வேண்டுமென்றால் ஆற்றங்கரையில் இருக்கிற ஊரை எழுப்பிவிட வேண்டும். சிமோங்கா என்று அந்த ஊருக்குப் பெயர். வெள்ளைக்கார இன்ஜினியர்கள் சொன்னால் அந்தச் சனம் நம்பாது. சொந்த அதிகாரிகள் சொன்னால் சிரிக்கும். அதனால் இவரை அனுப்பினார்கள். இவர் போய் அவர்களோடு நிலத்தில் குந்தியிருந்து, மேட்டுக்குப் போங்கள், புது ஊருக்குக் கரண்ட் வரும், முதல் லைட் உங்கள் கிளினிக்குக்குத்தான் என்று சொன்னார். மேலிடத்தில் இவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். முழுமனதோடு நம்பித்தான் சொன்னார். நம்பாத ஒன்றைச் சொல்லத் தெரியாத மனுசன் அவர்.

சனம் மேட்டுக்குப் போனது. எண்பத்திரண்டில் தண்ணீர் நிறைந்தது, கரண்டும் வந்தது. புது ஊரின் தலைக்கு மேலால் பெரிய கோபுரங்களில் தொங்கிக்கொண்டு நேரே செப்புச் சுரங்கத்துக்குப் போனது. ஊருக்கு ஒரு பல்ப் இல்லை. அவ்வளவு பெரிய மின்னழுத்தத்தைக் குறைத்து ஊருக்குள் இறக்க ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதை யாரோ ஒரு புண்ணியவான் திட்டத்திலிருந்து எப்போதோ வெட்டிவிட்டிருந்தான். அத்தான் போய்க் கேட்டார், கெஞ்சினார், கடைசியில் கத்தினார். அவருடைய கொன்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எண்பத்துநாலில் லண்டனுக்கு வந்தார். ஊருக்குத் திரும்புகிற காலமா அது? இங்கே அவருடைய அணையையும் சேட்டிபிக்கட்டையும் யார் பார்த்தார்கள்! ஒரு ஆஸ்பத்திரியின் கொதிகலன் அறையில் ஷிப்ட் வேலை கிடைத்தது. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் பியூஸ் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். கலியாண வீட்டில் மைக் இரைந்தால், “கனகலிங்கத்தைக் கூப்பிடுங்கோ.” பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் மேடை லைட் எரியாவிட்டால், “கனகலிங்கம் எங்கை?” கூப்பிட்டவுடன் போவார். சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட மறந்துவிடுவார்கள். பேசாமல் வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் சாப்பிடுவார். இந்த நல்ல குணத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். சிரிப்பார்.

எண்பத்தொன்பதில் எஸ்தர் வந்தார். சிமோங்கா கிளினிக்கின் தாதி. லண்டனில் ஒரு மகப்பேற்றுப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தானோடு அணையில் வேலை செய்த ஒருவரைப் பிடித்து, விலாசம் கேட்டு, மழைக்குள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அக்கா புட்டு அவித்துக் கோழிக்கறி வைத்தார். எஸ்தர் கூச்சமில்லாமல் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்த பிறகுதான் கதையைத் தொடங்கினார். அவர் இங்கிலிசில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“மிஸ்டர் கனா, உங்கள் கம்பிகள் என் கூரைக்கு மேலே இரைகின்றன. மழைநாளில் பெரிதாக இரையும். கீழே நான் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிள்ளை பெறுவிக்கிறேன். தடுப்பூசி மருந்து வந்தால் அன்றைக்கே போட்டு முடித்துவிட வேண்டும், வைக்க பிரிட்ஜ் இல்லை. தூரத்துத் தாய்மார் நடந்து வந்து சேரும்போது மருந்து பழுதாகியிருக்கும். ஊரில் உங்களைப் பற்றி இன்னும் கேட்கிறார்கள். அந்த மனுசனைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லையே என்கிறார்கள்.”

திட்டவில்லை அந்த மனுசி. சாதாரணமாகத்தான் சொன்னார். 

அன்றிலிருந்து அத்தானுக்கு வேறு நினைப்பில்லை. என்னிடம் வந்து சொன்னார்: “கௌரி, கரண்டை இறக்கிக் குடுக்க என்னாலை ஏலாது. ஆனா அங்கை வெயிலுக்குக் குறைவில்லை. எட்டு சோலார் பனல், நாலு பட்டறி, மருந்துக்கெண்டே செய்த ஒரு பிரிட்ஜ். பிள்ளைப்பெறு அறைக்கு ரண்டு லைட். அது போதும், காணும். நான் குடுத்த வாக்கிலை கிளினிக்காவது மிஞ்சட்டும்.”

கொதிகலன் அறைச் சம்பளத்தில் அது நடக்காது. அதனால் சங்கத்துக்குப் போனார். செல்வரத்தினம் ஹரோவில் எக்கவுண்டன்ட். அத்தான் வாய் திறந்து முடிக்குமுன் சரி என்றார். சங்கத்தின் ஆண்டுவிழா வந்துகொண்டிருந்தது, விழா மலருக்கு நல்ல விஷயமாம். பனல் ஒன்றுக்கு ஒரு குடும்பம், செத்த தங்கள் ஆட்களின் ஞாபகார்த்தமாக உபயம் என்று அறிவித்தார்கள். ஒரு கிழமைக்குள் எட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. கொடுக்கிறதில் எங்கள் ஆட்களைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் கொடுத்தவரின் பெயரை ஊர் வாசிக்க வேண்டும்.

நிர்வாகக் கூட்டத்தில் நானும் இருந்தேன். “கண்ணாடியிலை வடிவாப் பேர் எழுதுவம்” என்றார் செல்வரத்தினம். “எங்கடை யோகலிங்கம் வெள்ளைப் பெயின்ரிலை தமிழும் இங்கிலிசும் அடிச்சுத் தருவார்.” யோகலிங்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்.

அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “ஐயோ அண்ணை, கண்ணாடியிலை எழுதேலாது. வெயில் விழவேண்டிய இடம் அதெல்லே.”

“கோயில் ரியூப்லைட்டிலை உபயம் எழுதேல்லையே? அது எரியேல்லையே?”

“அது வெளிச்சம் குடுக்கிற சாமான். இது வெளிச்சம் வாங்கிற சாமான். உள்ளுக்கை சின்னச் சின்னத் துண்டுகள் ஒண்டோடை ஒண்டு கோத்துக் கிடக்கு. கிறிஸ்மஸ் லைட் மாலையிலை ஒரு பல்ப் போனா முழு மாலையும் அணைஞ்சு நூருதெல்லே? அதுமாதிரித்தான். ஒரு துண்டை மறைச்சாலே முழுப் பனலும் விழுந்துபோம்.”

“அப்ப எங்கை எழுதிறது?”

“பின்பக்கத்திலை எழுதுங்கோ.”

 “பின்பக்கத்திலையோ?” என்றார் செல்வரத்தினம். “செத்த தாய் தேப்பன்ரை பேரைப் பின்பக்கத்திலை எழுதிறதோ? உமக்கென்ன விசரே, கனகலிங்கம்?”

அத்தான் விடவில்லை. கிளினிக் சுவரில் ஒரு பித்தளைத் தகடு அடிப்போம் என்றும், அதைத் தானே செய்து தருவதாகவும் சொன்னார். சுவரில் அடித்தால் யாருடைய பனல் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “சிமோங்காவிலை ஆர் தமிழ் வாசிக்கப் போயினம்?” என்று கத்தினேன்.

“பிள்ளை, மலரிலை படம் வருமெல்லே” என்றார் செல்வரத்தினம், நான் ஏதோ விளங்காத சின்னப்பிள்ளை என்கிற மாதிரி. “நாலு எழுத்துத்தானே. சுத்தவர வெயில் பிடிக்கும். பேய்க்கதையை விட்டிட்டு அடுத்த விசயத்துக்கு வருவம்.”

அத்தான் ஷிப்டில் நின்ற ஒரு நாள் யோகலிங்கம் எழுதி முடித்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கையளவு. விழாவன்று ஹரோவில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் எட்டுப் பனலையும் மேடையில் நிறுத்தி, மாலை போட்டு, குத்துவிளக்கும் ஏற்றினார்கள்.

மேடைக்குக் கீழே தவநாயகி அக்கா நின்றதை நான் கண்டேன். வால்தம்ஸ்டோவில் ஒரு தையல் பக்டரியில் வேலை செய்கிறவர், புருசன் இல்லை. ஒரே மகன் தயாபரன் எண்பத்தேழில் எங்கள் ஊர்ச் சண்டைக்குள் செத்துப்போனான். பத்தொன்பது வயது. உடம்பு கிடைக்கவில்லை. செத்தவீடு நடக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கவில்லை. “அமரர் தயாபரன் ஞாபகார்த்தமாக, அம்மா” என்று ஒரு பனலில் எழுதியிருந்தது. எல்லாரும் சாப்பிடப் போனபின் மேடையில் ஏறி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அவனுடைய பெயர் உலகத்தில் எழுதப்பட்டிருந்த இடம் அது ஒன்றுதான். அதைப் பார்த்தபோது எனக்கு யார் மீது கோபப்படுவதென்றே தெரியவில்லை.

கப்பலுக்குக் கொடுக்கும்வரை பனல்களை அத்தானுடைய கராஜில் வைத்தார்கள். கள்ளனிடம் சாவி கொடுத்த கதை என்று செல்வரத்தினம் பிறகு சொல்லித் திரிந்தார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து போனேன். கராஜ் திறந்து கிடந்தது. அத்தான் முழங்காலில் நின்று சவர பிளேட்டால் பெயின்ரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நாலு பனல் கண்ணாடியாக மினுங்கியது. ஐந்தாவது தயாபரனுடையது. “அமரர்” போய்விட்டது. “தயா” போய்விட்டது.

“கெதியா முடியுங்கோ அத்தான், ஆரும் வரப்போயினம்” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் தவநாயகி அக்கா. கப்பல் ஏறுமுன் மகனுடைய பெயரை இன்னொரு தரம் பார்க்கலாமென்று வால்தம்ஸ்டோவிலிருந்து வந்திருக்கிறார். கையில் ஒரு பையில் பூ.

அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது. “ஐயோ, என்ரை பிள்ளையை அழிக்கிறான்! உடம்பைத்தான் தரேல்லை, பேரையும் விடமாட்டியளோ?” தெருவில் வெள்ளைக்காரச் சனம் வெளியே வந்து பார்த்தது. அத்தான், “அக்கா, கேளுங்கோ, இதிலை பெயின்ற் இருந்தா வெளிச்சம்” என்று தொடங்கினார். தவநாயகி அக்காவின் காதில் ஒன்றும் விழவில்லை. நிலத்தில் விழுந்து, சுரண்டிய பெயின்ற் தூளை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினார். அத்தான் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை செல்வரத்தினம் வான் வண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார். யோகலிங்கம் இரண்டாம் தரம், முன்னதைவிடத் தடிப்பாக, சுரண்ட முடியாத பெயின்ரில் எழுதினார். “தன்ரை பேர் இல்லையெண்ட பொறாமை” என்று ஹரோ முழுக்கக் கதை போனது. செத்தவன் பெயரைச் சுரண்டினவன் என்று கோயிலில் ஆட்கள் அத்தானை விட்டு விலகி நின்றார்கள். மைக் இரைந்தாலும் அவரைக் கூப்பிடவில்லை. அதுகூட எனக்குக் கவலையில்லை, பியூஸ் கட்டிக் கட்டி என்னத்தைக் கண்டார்? ஆனால் அவர் வெந்துபோனார்.

எஸ்தருக்கு உடனே கடிதம் போட்டார். பனல் வந்ததும் முதல் வேலையாகப் பெயின்ரை எடுத்துவிடுங்கள் என்று, எப்படி எடுப்பதென்றும் எழுதினார். பதில் இல்லை. தொண்ணூற்றொன்றில் சங்கத்தின் அடுத்த மலர் வந்தது. முதல் பக்கத்தில் வர்ணப் படம்: சிமோங்கா கிளினிக்கின் தகரக் கூரை, எட்டுப் பனல், எட்டுப் பெயர். ஒரு எழுத்துக் குறையவில்லை. அத்தான் மலரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

அந்தக் கிழமையே எஸ்தர் போனில் கூப்பிட்டார். ஊரில் போன் இல்லை, சுரங்கத்தின் அலுவலகக் கந்தோரிலிருந்து எடுத்திருந்தார். பிள்ளைப்பெறு அறை லைட் இருட்டின கொஞ்ச நேரத்திலேயே நூர்ந்துவிடுகிறதாம். பிரிட்ஜ் பின்னேரத்தில் குளிர்கிறது, அதைப் பார்த்து நல்லாயிருக்கிறது என்று நினைத்துவிட்டாராம். இரவில் சூடாகிவிடுவது இப்போதுதான் தெரிந்ததாம். பக்கத்து மாவட்டத்தில் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, தொடங்கிவிட்டதாம்.

“என் கடிதம் வரவில்லையா?” என்று அத்தான் கேட்டார்.

“வந்தது. உங்கள் தலைவரின் கடிதமும் வந்தது. இவை எங்கள் இறந்தவர்களின் பெயர்கள், ஒருவரும் தொடக்கூடாது என்று முத்திரை குத்தி எழுதியிருந்தார். மிஸ்டர் கனா, உங்கள் அணை நிறைந்தபோது எங்கள் தாய் தகப்பன்மாரின் புதைகுழிகள் தண்ணீருக்குள் போயின. தோண்டி எடுத்துக்கொண்டு போக எங்களுக்கு நாள் தரவில்லை. அந்தச் சனத்திடம் போய், இன்னொருவருடைய செத்தவர்களின் பெயரைச் சுரண்டுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ஒருவரும் கூரையில் ஏறமாட்டார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்கள் சொல்லட்டும். ஒன்றில் ‘அம்மா’ என்று இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்தத் தாய் சொன்னால் ஏறுவார்கள்.”

அத்தான் அன்றைக்கே வால்தம்ஸ்டோவுக்குப் போனார். தவநாயகி அக்கா ஜன்னல் திரைச்சேலையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. மறுபடி போனார். மறுபடியும் போனார். செல்வரத்தினத்திடம் போய், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். “மலரிலை வந்த சாமானைப் பிழையெண்டு சொல்லச் சொல்லுறீரோ?” என்று அவர் கேட்டிருக்கிறார். நாசமறுப்பு! நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

கடைசியில் நான் இறங்கினேன். அத்தானை இழுத்துக்கொண்டு போய், கிங்ஸ் குரொஸ்ஸில் ரெயில் மாறி, அந்தக் கதவைக் கையால் குத்தினேன். “அக்கா, திறவாட்டி நான் தெருவிலை நிண்டு குழறுவன்” என்றேன். செய்வேன் என்று அவருக்குத் தெரியும், திறந்தார்.

நான்தான் சொன்னேன். கிறிஸ்மஸ் லைட் மாலையிலிருந்து தொடங்கி, பிரிட்ஜ், மருந்து, சின்னமுத்து, எஸ்தருடைய ஊரின் குழிகள் எல்லாம் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார்.

“பெயின்ற் வெயிலை மறைக்குமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார். “பொறாமையிலை சுரண்டுறான் எண்டெல்லோ செல்வரத்தினம் சொன்னவர். நான் பேர் கேட்டது உண்மைதான். ஒரு கடுதாசித் துண்டிலை எழுதி ஒட்டியிருந்தாலும் எனக்குக் காணுமே. என்ரை பிள்ளையின்ரை பேர் இன்னொரு தாயின்ரை பிள்ளைக்கு இருட்டாகவோ? எடும் அந்தப் போனை.”

சுரங்கக் கந்தோருக்கு எடுத்து, எஸ்தரைக் கூட்டிவரச் சொல்லி, பிறகு திரும்ப எடுத்தோம். தவநாயகி அக்காவுக்கு இங்கிலிஸ் பக்டரி அளவுதான். என்னிடம் கொடுக்காமல் தானே பேசினார். “மிஸ், ஐ மதர். யூ கிளீன். ஓல் கிளீன். மை சன் நோ அங்ரி.” பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கவில்லை என்று போனை என்னிடம் தந்தார்.

எஸ்தர் நன்றி சொன்னார். இன்றைக்கே கூரையில் ஆட்களை ஏற்றுகிறேன் என்றார். சின்னமுத்து ஊருக்குள் வந்துவிட்டதென்றும், ஊசி போட்ட பிள்ளைகளுக்கே வந்துவிட்டதென்றும் சொன்னார். பழுதான மருந்தைத்தான் என் கையால் போட்டிருக்கிறேன் என்றார். எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள் என்று கேட்டேன். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை, பிள்ளைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயராக நான் தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியில் என்னால் ஏலாமல் போய்விட்டது, எஸ்தர் நிறுத்தவில்லை.

போனை வைத்த பிறகு தவநாயகி அக்கா அழவில்லை. கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அத்தானைப் பார்த்தார்.

“தம்பி, அண்டைக்குக் கராஜிலை ஏன் நிப்பாட்டினனீர்?”

“நீங்கள் அழுதனீங்கள், அக்கா.”

“நான் அழுவன்தானே, பெத்தவள் வேறை என்ன செய்வள்? நீரெல்லோ விசயம் தெரிஞ்சவர். என்னைத் தள்ளி விழுத்திப்போட்டெண்டாலும் நீர் சுரண்டியிருக்க வேணும்.”